டான்யூப் கரையில் ஆறு சால் நிலம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு உழவு இயந்திரம் செய்து விற்க ஆசை வந்தது. இரண்டு சக்கரம், இரண்டு கைப்பிடி, பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற வகை. இயந்திரத்தின் வரைபடம் ஜெர்மனியில் இருந்தது, அது இறங்க வேண்டிய சேறு எங்கள் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க மூன்று மாதப் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். காகிதம் தெரிந்தவன் என்று என்னை, சேறு தெரிந்தவர் என்று முனிரத்தினம் அண்ணனை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. நான் திருவள்ளூர்க்காரன், கம்பெனி ஸ்டோர்ஸில் உதிரி பாகங்களுக்குச் சீட்டு எழுதுகிறவன். முனிரத்தினத்துக்கு ஆரம்பாக்கம் பக்கம் ஒரு கிராமம், ஆந்திர எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். அவருடைய இரண்டு ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லையைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். "கேன்டீன் கீது பாரு நைனா, அது என் கொல்லி. டெய்லி என் நெலத்துல குந்திக்கினுதான் சோறு துன்றேன்" என்பார். வருத்தமாகச் சொல்கிறாரா, பெருமையாகச் சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஜெர்மனியில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் காத்தி அம்மாள். உல்ம் நகரத்தை ஒட்டி, டான்யூப் ஆற்றங்கரையில் சின்ன வீடு. எழுபத்திரண்டு வயது, கணவர் இல்லை. உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்கப் பட்டாளத்தின் சமையலறையில் வேலை செய்தவர் என்பதால் இங்கிலீஷ் பேசுவார். சமையலறையில் கற்றது என்பதால் எல்லாமே உத்தரவாகத்தான் வரும். உட்கார், சாப்பிடு, கழுவு, மூடு. இந்த நான்கு சொல்லையும் முனிரத்தினம் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு எனக்கே உத்தரவு போட ஆரம்பித்தார்.

ஆகஸ்டில் ஃபாக்டரியை மூன்று வாரம் இழுத்து மூடினார்கள். ஸ்டிரைக்கோ என்று பயந்தேன். இல்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லீவாம். பொங்கலுக்கு மூன்று நாள் கேட்டால் எங்கள் மேனேஜர் முகம் போகிற போக்கை நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் இரண்டு பேரும் டான்யூபில் கீழே போகிறீர்கள்" என்றார் காத்தி அம்மாள், ரொட்டியை வெட்டிக்கொண்டே. "யூகோஸ்லாவியா வரை. நாங்கள் பிறந்த ஊர் அங்கே இருக்கிறது. என் தம்பி வந்து காட்டுவான்."

ஜெர்மன்காரர்கள் யூகோஸ்லாவியாவில் போய் எப்படிப் பிறந்தார்கள் என்று கேட்டேன். "படகில் போய்" என்றார். "தம்பி சொல்வான்."

தனக்கு இரண்டு தம்பிகள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பாசாவ் என்கிற ஊரில் கப்பல் ஏறினோம். கப்பல் தளத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் காத்திருந்து கை குலுக்கினார். பெயர் மத்தியாஸ், அறுபத்தாறு வயது, காத்தியின் தம்பி. கை குலுக்கி முடிப்பதற்குள் பழுப்புத் தொப்பி போட்ட இன்னொருவர் வந்தார். அறுபத்து மூன்று வயது யோசப், அவரும் காத்தியின் தம்பி. அக்கா சொன்னபடி எங்களை அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொன்னார். அப்புறம்தான் இரண்டு தொப்பிகளும் ஒன்றையொன்று பார்த்தன.

"இன்னா நைனா, ஒரே மூக்கு ரெண்டு மொவத்துல கீது" என்றார் முனிரத்தினம்.

மத்தியாஸ் வானத்தைப் பார்த்தார். யோசப் தண்ணீரைப் பார்த்தார். யாராவது ஒருவர் திரும்பிப் போக வேண்டும், அது தானாக இருக்கக்கூடாது என்று இருவரும் நின்றதில் கப்பல் ஊதியது, ஏறுகிற பலகையை எடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே நிலைமை புரிந்துவிட்டது. நான்கு பேருக்கு ஒரே மேஜை. இங்கிலாந்தில் போர்க் கைதியாக இருந்த மத்தியாஸுக்கு இங்கிலீஷ் தெரியும். அமெரிக்கர்களின் லாரி ஷெட்டில் வேலை பார்த்த யோசப்புக்கும் தெரியும். "அவனிடம் உப்பைக் கேள்" என்றார் மத்தியாஸ் என்னிடம், இங்கிலீஷில்.

"உப்பு வேண்டுமாம்" என்றேன் யோசப்பிடம், அதே இங்கிலீஷில்.

"உப்பு என்னிடம் இல்லை என்று சொல்" என்றார் யோசப். உப்பு அவர் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தது.

"இல்லையாம்" என்றேன்.

"அவன் பொய் சொல்கிறான் என்று சொல்."

முனிரத்தினம் எழுந்து உப்பை எடுத்து மத்தியாஸ் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இவுங்கோ சண்டைல நம்ம சோறு ஆறிப்போச்சு" என்றார். சோறு என்று அவர் சொன்னது பாலில் வேகவைத்து, சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவிய அரிசியை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆவக்காய் பாட்டிலைத் திறந்து அதில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

சண்டை என்னவென்று யோசப் அன்று சாயங்காலம் கப்பலின் இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மத்தியாஸ் மறுநாள் காலை வலது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் அப்பாவுக்கு ஊர்க்கோடியில் ஒரு பெரிய வயல். நட்டநடுவில் ஒரு முசுக்கொட்டை மரம். அப்பா சாகும்போது மரத்துக்குக் கிழக்கே பெரியவனுக்கு, மேற்கே சின்னவனுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மரம் நிற்கிற துண்டு யாருக்கு என்று சொல்லவில்லை. ஏர் ஆறு முறை போனால் முடிந்துவிடுகிற அகலம், ஆறே சால். ஒரு வருடம் யோசப் அதை உழுதார். மத்தியாஸ் வழக்குப் போட்டார். வழக்கு எடுக்கப்படுவதற்கு முன்னால் போர் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்த ஊர் ஜெர்மன்காரர்கள் இருந்ததைப் போட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஓடாமல் இருந்தவர்களை முகாமில் அடைத்ததில் பாதிப் பேர் திரும்பவில்லை. நிலம், வீடு, மாடு எல்லாம் போயிற்று. இவர்கள் இருவரும் உல்ம் பக்கம் வந்து, நான்கு தெரு இடைவெளியில் குடியேறி, முப்பது வருடமாக அந்த ஆறு சாலுக்காகப் பேசாமல் இருக்கிறார்கள்.

முனிரத்தினத்திடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "இதுல இன்னா கீது? திருவள்ளூர் கோர்ட்டுல போய்ப் பாரு. எங்க பெரியப்பா செத்துப்பூட்டாரு, எதிர்க்கட்சிக்காரனும் செத்துப்பூட்டான், வக்கீலும் செத்துப்பூட்டான். தாவா மட்டும் உசுரோட கீது."

எனக்கும் அது புதிதில்லை. திருப்பாச்சூர் பக்கம் எங்கள் நிலத்தில் ஒரு வரப்பு விஷயமாக நானே மூன்று முறை கோர்ட் வாசலில் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், வியன்னாவைத் தாண்டியபின், காத்தி அம்மாள் சொல்லாமல் விட்ட கதையை மத்தியாஸ் சொன்னார். இருநூறு வருடத்துக்கு முன்னால் துருக்கியர் போனபின் இந்த ஆற்றின் கீழ்ப்பக்கம் சதுப்பும் புதருமாகக் கிடந்தது. வியன்னாவில் இருந்த அரசி, யார் வந்து உழுகிறீர்களோ அவர்களுக்கு நிலம், விதை, மாடு எல்லாம் என்று ஆள் விட்டுச் சொல்லச் சொன்னாள். மேலே உல்மில் பிழைக்க வழியில்லாதவர்கள் மரப்படகு ஏறினார்கள். படகு என்றால் நல்ல படகு இல்லை. அதை அவர்கள் 'பெட்டி' என்றே சொல்வார்களாம். பலகையை அடித்துச் சேர்த்து, நடுவில் ஒரு குடிசையை வைத்து, நீண்ட துடுப்பால் திருப்பிக்கொண்டு ஆறு இழுத்துப் போகிற பக்கம் போவது. திரும்பி வருகிற வழக்கமே கிடையாது. போய்ச் சேர்ந்ததும் படகைப் பிரித்துப் பலகையாக விற்றுவிடுவார்கள்.

"திரும்பி வரணும்னு தோணினா?" என்று முனிரத்தினம் கேட்கச் சொன்னார்.

"அதற்குத்தான் பலகையை விற்பது" என்றார் மத்தியாஸ்.

முதலில் போன முப்பாட்டனார் கதையும் வந்தது. கல்யாணமானவர்களுக்குத்தான் நிலம் என்று உத்தரவு. அதனால் உல்ம் படித்துறையில் தினமும் கல்யாணம் நடந்ததாம். இவர்கள் முப்பாட்டனார் படகு புறப்படுகிற காலையில், முந்தாநாள் பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஏறினாராம்.

"தாத்தா அவளைத் தேர்ந்தெடுத்தார்" என்றார் மத்தியாஸ்.

கப்பலின் அந்தப் பக்கத்திலிருந்து யோசப்பின் குரல் வந்தது. "அவள்தான் தேர்ந்தெடுத்தாள் என்று அவனிடம் சொல். தாத்தாவிடம் செருப்புகூட இல்லை. அவளிடம் ஆடு இருந்தது."

"அவள்தான் தேர்ந்தெடுத்தாளாம்" என்றேன்.

"எனக்குக் காது இருக்கிறது" என்றார் மத்தியாஸ்.

மூன்றாம் நாள் ஹங்கேரியில் ஓரிடத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்து கப்பலின் மூக்கு கூழாங்கல்லில் ஏறிவிட்டது. முன்பக்கம் கனம் குறைய வேண்டும், எல்லோரும் பின்பக்கம் போங்கள் என்று மாலுமிகள் கத்தினார்கள். எல்லோரும் போனோம். மத்தியாஸும் போனார். மத்தியாஸ் அங்கே இருந்ததால் யோசப் முன்பக்கமே நின்றார். ஒரு மாலுமி போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தான். யோசப் வந்ததும் மத்தியாஸ் முன்பக்கம் நடந்தார். இப்படி மூன்று முறை நடந்தது. கடைசியில் முனிரத்தினம் போய் மத்தியாஸைப் பின்பக்கம் கூட்டிவந்து தோளில் கை போட்டு நிறுத்திக்கொண்டார். நான் யோசப்பைக் கட்டிக்கொண்டேன். கப்பல் ஒரு முனகல் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஊத்துக்கோட்டை பஸ் ஏரிக்கரையில் சிக்கியபோது நாங்கள் இறங்கித் தள்ளியது ஞாபகம் வந்தது. அதில் குறைந்தபட்சம் எல்லோரும் ஒரே பக்கம் நின்று தள்ளினோம்.

நோவிசாத் நகரத்தில் கரை இறங்கியதும் முனிரத்தினத்துக்கு வாழ்வு வந்தது. ஆற்றங்கரைக் கடையில் இரும்புச் சட்டியில் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது மீன் குழம்பு. மிளகாய்த்தூள் கண்ணில் தெரிந்தது. மூன்று கிண்ணம் குடித்தார். நெற்றியில் வேர்த்தது. "இத்தான் சாப்பாடு. மீனு மட்டும் கொஞ்சம் சேத்து வாசன. நம்ம பழவேற்காடு மடவைய இத்துல போட்டா எப்பிடி இருக்கும் தெரியுமா?" என்றார். கடைக்காரர் எந்த ஊர் என்று விசாரித்தார். இந்தியா என்றதும் கையைப் பிடித்துக் குலுக்கி நான்காவது கிண்ணத்தை ஊற்றினார். ஜெர்மன் சகோதரர்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை, ஆனால் கிழவர்கள் செர்பிய மொழியில் உப்பு கேட்ட உச்சரிப்பைக் கேட்டு அவர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

ஊருக்குப் போகிற பஸ் பாதி வழியில் புகைவிட்டு நின்றது. தர்ப்பூசணி ஏற்றிப்போன டிராக்டர் டிரெய்லர் ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. மத்தியாஸ் ஒரு மூலை, யோசப் எதிர் மூலை, நடுவில் இருநூறு தர்ப்பூசணி. ரோடு குலுங்கக் குலுங்கப் பழங்கள் உருண்டு ஒரு கிழவரிடம் போகும், அவர் காலால் தள்ளிவிடுவார், அடுத்தவரிடம் போகும். டிரைவர் திரும்பிப் பார்த்து, பழத்தோடு விளையாடாதீர்கள் என்று திட்டினான்.

அந்தப் பக்கத்து நிலம் எங்களை மலைக்க வைத்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டை, மேடு பள்ளம் எதுவுமே இல்லை. பொன்னேரி வயல்வெளியை எடுத்து இரும்புப் பெட்டி போட்டுத் தேய்த்த மாதிரி. ஊருக்குள் தெருக்களும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. அரசியின் சர்வேயர்கள் காகிதத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் மனிதர்களை வரவழைத்தார்களாம். சகோதரர்கள் பிறந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள். ஜன்னலில் சிவப்பு மிளகாய் தொங்கியது. இருவரும் தெருவின் எதிர்ப் பக்கம், பத்தடி இடைவெளி விட்டு நின்று பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, வழி தெரியாத ஆட்கள் என்று நினைத்து, பஸ் நிற்கிற இடத்தைக் காட்டினாள். மத்தியாஸ் தொப்பியை எடுத்து நன்றி சொன்னார். யோசப்பும் எடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை வயலுக்குப் போனோம். வயல் என்று எதுவும் இல்லை. வரப்பு, வாய்க்கால், மரம் எல்லாவற்றையும் அழித்து அரசுப் பண்ணை ஒரே காடாக மக்காச்சோளம் போட்டிருந்தது, ஆள் உயரத்துக்கு மேல். நானாக இருந்தால் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பேன். மத்தியாஸ் கோட்டுக்குள் கைவிட்டு முடிச்சுப் போட்ட ஒரு கயிற்றை எடுத்தார். உல்மிலிருந்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பார்த்த யோசப் தன் பையிலிருந்து எஃகு டேப் ஒன்றை எடுத்தார். இருவரும் வந்தது எங்களுக்கு ஆற்றைக் காட்ட இல்லை.

"ரோட்டிலிருந்து சர்ச் கோபுரத்துக்கு நேர் கோட்டில் மரம் முந்நூற்றுப் பன்னிரண்டு அடி என்று அவனிடம் சொல்" என்றார் மத்தியாஸ்.

"முந்நூற்று எட்டு" என்றார் யோசப்.

கயிற்றின் ஒரு முனை மத்தியாஸிடம், மறு முனை முனிரத்தினத்திடம். டேப்பின் ஒரு முனை யோசப்பிடம், மறு முனை என்னிடம். சோளத்துக்குள் நுழைந்தோம். பத்தடியில் யாரும் யாருக்கும் தெரியவில்லை. சோளத் தோகை கன்னத்தைக் கீறியது. "இடது! இடது!" என்று ஒரு குரல். "அவனுக்கு இடது வலது தெரியாது என்று சொல்" என்று இன்னொரு குரல். இவ்வளவுக்கும் நடுவில் இருவரும் தனித்தனியே, பயிரை நெருக்கி நட்டிருக்கிறார்கள், இதில் கதிர் எப்படிப் பிடிக்கும் என்று ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு போனார்கள். திடீரென்று முனிரத்தினத்தின் குரல் கேட்டது: "நைனா, எதிர்ல ஒரு நாயி வந்துக்கினு கீது. பின்னாலயே துப்பாக்கியும் வருது."

காவல்காரன் எங்களைக் கதிர்த் திருடர்கள் என்று நினைத்தான். கயிற்றையும் டேப்பையும் பார்த்தபின் அதைவிட மோசமாக நினைத்தான். நால்வரையும் பண்ணை டிரெய்லரில் ஏற்றி ஆபீசுக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டுகளை வாங்கி மேஜைமேல் அடுக்கினான்.

பண்ணை அதிகாரி ஒரு பெண். பெயர் மிலேவா, நாற்பது வயது இருக்கும், காலில் ரப்பர் பூட்ஸ். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினாள். ஜெர்மன் பாஸ்போர்ட் இரண்டையும் திறந்து பிறந்த ஊரைப் படித்தாள். முகம் கல்லாகிவிட்டது.

"நிலத்தை அளக்க வந்திருக்கிறீர்கள்" என்றாள். "திரும்பக் கேட்கப்போகிறீர்கள். யார் அனுப்பியது?"

சகோதரர்கள் செர்பிய மொழியில் ஏதோ சொன்னார்கள். அவள் மேஜையைத் தட்டினாள். பதின்மூன்று வயதில், மலைநாட்டில் எரிந்துபோன ஒரு கிராமத்திலிருந்து குடும்பத்தோடு ரயிலேறி இங்கே வந்தவளாம். அவர்களுக்குக் கொடுத்த வீட்டு அலமாரியில் யாரோ போட்டுவைத்த பிளம்ஸ் ஜாம் பாதி பாட்டில் இருந்ததாம். அவள் அம்மா அதைத் தொடவும் இல்லை, எறியவும் இல்லை. "ஒரு வருஷம் அப்படியே இருந்தது" என்றாள். "நீங்கள் வந்து கேட்பீர்கள் என்று அம்மா பயந்துகொண்டே செத்தாள். இப்போது கயிறோடு வந்துவிட்டீர்கள்."

போலீஸுக்குச் சொல்ல ஃபோனைக் கையில் எடுத்தாள். வெளிநாட்டில் போலீஸ் கேஸ் என்றால் கம்பெனி வேலை போவது நிச்சயம். எழுந்து நின்று சொன்னேன். இவர்கள் உங்களிடம் ஒன்றும் கேட்க வரவில்லை, இந்த நிலம் இவர்களில் யாருடையதாக இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்கள், ஆறு சால் அகலம், முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றேன்.

"இல்லாத நிலத்துக்கா?" என்றாள். "பொய். எந்த மனிதனும் அதற்காக இவ்வளவு தூரம் வரமாட்டான்."

"எங்கள் ஊரில் வருவான்" என்றேன். திருவள்ளூர் கோர்ட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் நம்பவில்லை. முனிரத்தினம், "இன்னாவாம்?" என்றார். சொன்னேன். அவர் உடனே தலையைக் குனிந்து, உச்சி முடியை விலக்கி, ஒரு விரல் நீளத் தழும்பை அந்த அம்மாள் மூக்குக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினார்.

"சொல்லு நைனா. வரப்புத் தகராறு. பங்காளி மம்முட்டியால போட்டான். அரை அடி நெலம். ஒம்போது தையலு."

சொன்னேன். அவள் அந்தத் தழும்பை வெகுநேரம் பார்த்தாள். காவல்காரனும் எட்டிப் பார்த்தான். அது முனிரத்தினம் சைக்கிளில் தூங்கிக்கொண்டே வந்து கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டில் மோதியதால் வந்த தழும்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன் நான்தான். ஆனால் மிலேவாவின் உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. ஃபோனைக் கீழே வைத்தாள்.

"என் சித்தப்பாக்கள் இரண்டு பேர்" என்றாள், "ஒரு வாதுமை மரத்துக்காக." அதற்குமேல் சொல்லாமல் எழுந்து பீரோவைத் திறந்து, ஒரு தகரக் குழாயிலிருந்து பழைய வரைபடம் ஒன்றை உருவினாள். அரசர் காலத்து சர்வே. பண்ணை வந்தபோது ஆபீசோடு சேர்த்து அதையும் ஒப்படைத்தார்களாம். மேஜையில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு பாஸ்போர்ட்டை வைத்தாள். மத்தியாஸும் யோசப்பும் இரண்டு பக்கத்திலிருந்தும் குனிந்தார்கள். தொப்பிகள் இடித்துக்கொண்டன.

சர்ச்சிலிருந்து விரலை ஓட்டி வயலுக்கு வந்தாள். அங்கே ஒரு வயல் இல்லை, இரண்டு வயல் இருந்தது. இரண்டுக்கும் இடையில் சன்னமான இரட்டைக் கோடு. அதன்மேல் விரலை வைத்து, "புத்" என்றாள். அது என்னவென்று எனக்கு இங்கிலீஷில் விளக்கினாள்.

சகோதரர்கள் இருவரின் காதும் ஒரே நேரத்தில் சிவந்தது.

"புத்துன்னா?" என்றார் முனிரத்தினம்.

"பாதை" என்றேன். "ஊர்ப் பொது வண்டிப் பாதை. ஆறு சால் அகலம். இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்ததை இவர்கள் அப்பா உழுது சேர்த்திருக்கிறார்."

முனிரத்தினம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. "பொறம்போக்கு" என்றார் மெதுவாக, பாயசத்தை ருசிக்கிற மாதிரி. "முப்பது வருசமா பொறம்போக்குக்கு அடிச்சிக்கினு கீறானுங்க ரெண்டு பொறம்போக்கும்."

பிறகு மத்தியாஸ் என் பக்கம் திரும்பாமல், நேராகத் தம்பியைப் பார்த்து ஜெர்மனில் சொன்னார். அந்த அளவு ஜெர்மன் எனக்கு வந்திருந்தது.

"இந்த சர்வேயர் ஒரு குடிகாரன்."

"ஊருக்கே தெரியும்" என்றார் யோசப்.

"நம் அப்பா ஊர்ப் பாதையை உழுகிற ஆளா?"

"அப்பாவா? அடுத்த வீட்டுக் கோழி வந்தாலே கையில் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுப்பார்."

அந்த சர்வேயர் இவர்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே செத்திருப்பார். அதைப் பற்றி இருவருக்கும் கவலை இல்லை. கோடு கோணலாக இருக்கிறது என்றார் ஒருவர். மையே தரமில்லை என்றார் மற்றவர். மிலேவா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு சோளக் கதிரையும் கொடுத்து, டிரெய்லரில் பஸ் வரைக்கும் அனுப்பினாள். டிரெய்லரில் சகோதரர்கள் ஒரே மூலையில் உட்கார்ந்து, அந்த சர்வேயரின் குடும்பத்தையே பிரித்து மேய்ந்துகொண்டு வந்தார்கள்.

திரும்புகிற கப்பலில் எங்களுக்கு நிம்மதி போயிற்று. முப்பது வருடப் பேச்சு பாக்கி இருந்தது. நாஷ்டா நேரத்தில் ஆரம்பித்தால் இருட்டுகிறவரை நிற்காது. வியன்னாவுக்குச் சொந்தமான பழைய சர்வே இலாகாவுக்கு ஒரு மனு எழுத வேண்டும், வரைபடத்தைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மனு எழுதத் தெரிந்தவன் என்று என்னை உட்கார வைத்தார்கள். அந்த இலாகாவும் இல்லை, அரசரும் இல்லை, ராஜ்யமும் இல்லை. "எழுது நைனா, பேஜாரு பண்ணாத. பேசிக்கினாங்களே, அதே பெரிய விசயம்" என்றார் முனிரத்தினம். நான்கு பக்கம் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உல்மில் காத்தி அம்மாளிடம் இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து நடந்ததைச் சொன்னார்கள். அவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அப்பா அப்படிச் செய்வாரா என்று மத்தியாஸ் கேட்டதற்கு, "நான் என்ன கண்டேன்" என்றார். அவர்கள் போனபின், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இருவரும் தெருமுனை திரும்பியதை உறுதி செய்துகொண்டு எங்களிடம் வந்தார்.

"பாதைதான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அப்போது எனக்குப் பதினொரு வயது. மத்தியாஸுக்கு ஐந்து, யோசப் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவன். சதுப்பு வற்றியபின் அந்தப் பாதையில் யாரும் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே சர்ச்சில் இருந்தபோது, எனக்கு வயிற்று வலி என்று அப்பா சொல்லச் சொன்னார். நானும் அவரும் போய்ப் பாதையின் எல்லைக் கல்லைப் பிடுங்கினோம். ஒரு முனையை நான் பிடித்தேன். அந்தக் குழியில் முசுக்கொட்டைக் கன்றை வைத்தோம்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"நிலம் தம்பிகளுக்கு. எனக்கு ஒரு கட்டிலும் ஆறு தலையணை உறையும் கொடுத்து அனுப்பினார்கள். நிலத்தைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை." கத்தியைத் துடைத்து வைத்தார். "கேட்டிருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள். அரசரின் வரைபடத்தையே நம்பவில்லை, பார்த்தாயே. ஆனால் ஒரு தடவை அந்த வயலை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும் என்றுதான் இரண்டு பேரையும் வரச் சொன்னேன். இப்போது நான்கு தெரு தாண்டி ஒருவன் வீட்டுக்கு ஒருவன் போவான். எனக்கு அது போதும்."

நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடிக்கிறவரை முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டார். காத்தி அம்மாளை மேலும் கீழும் பார்த்தார். அவர் யாரையும் அவ்வளவு மரியாதையோடு பார்த்து நான் கண்டதில்லை. பிறகு, நிலத்தில் புழங்கிய மனிதருக்கே தோன்றுகிற கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் கல்ல இன்னா பண்ணாங்கன்னு கேளு."

கேட்டேன். காத்தி அம்மாள் சிரித்தார். இரண்டு தம்பிகளின் மூக்கும் அவர் முகத்தில் இருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"வீட்டுப் பின்னால் பன்றித் தொழுவத்துக்குப் படியாகப் போட்டார் அப்பா" என்றார். "தினமும் இரண்டு பேரும் அதன்மேல் ஏறி இறங்கித்தான் வளர்ந்தார்கள். நல்ல கல். மழையில்கூட வழுக்காது."